இடப்பக்கம் நின்றவர்கள்

முதலில் தலைகளைத்தான் மாற்றினோம். மடு மாதா கோயில் திருவிழாக் கடைகளில் பொலித்தீன் பையில் கட்டி விற்கிற பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் அவர்கள். துவக்கோடு குனிந்து நிற்கிறவன், படுத்திருக்கிறவன், கையைத் தூக்கிக் கட்டளை கொடுக்கிறவன். அந்தத் தொப்பித் தலைகளோடு மேசையில் வைத்துப் பார்த்தபோது மூன்று பேருக்குமே மனம் ஒப்பவில்லை. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிளேட்டால் தலைகளை வெட்டிவிட்டு, பழைய றேடியோவில் கழற்றின சின்னப் பாகங்கள், வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு, பாசிமணி என்று கையில் அகப்பட்டதை ஒட்டினோம். அதன் பிறகுதான் அவர்கள் வேறு கிரகத்து ஆட்கள் ஆனார்கள். எங்களுக்கும் விளையாட மனம் வந்தது.

நாங்கள் மூன்று பேர். ஒருவன் மன்னார் பட்டினத்தில் போன் திருத்துகிற கடை வைத்திருப்பவன். சின்ன வயதில் குடும்பத்தோடு புத்தளம் போய், அங்கேயே படித்து, பிறகு திரும்பி வந்தவன். எங்களில் இங்கிலிஸ் வாசிக்கத் தெரிந்தவன் அவன் மட்டும்தான். இணையத்தில் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்ததும், அதன் விதிகளை ஒரு சீஆர் கொப்பியில் தமிழில் எழுதி வைத்ததும் அவன்தான். மற்றவன் ஓட்டோ ஓடுகிறவன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவான், மிச்ச நேரம் பஸ் நிலையத்தடியில் நிற்பான். நான் படகு ஒட்டுகிறவன். பைபர் படகுகள் கடலடிப் பாறைப் பாரில் அடிபட்டு வெடித்தால் என்னிடம் கொண்டுவருவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். கொப்பியில் இருந்த விதிகளைக்கூட வாசித்துப் பழகியதை விடக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியதுதான் அதிகம்.

போன் கடைக்குப் பின்னால் ஒரு அறை இருந்தது. அங்கே இரண்டு எண்ணெய்ப் பரல்களுக்கு மேல் ஒரு பழைய கதவைப் போட்டோம். அதுதான் மேசை. மேசை முழுக்கக் கடல் மணலைப் பசையில் கலந்து பூசி, கடற்கரை முருகைக்கற்களை மலை மாதிரி நிறுத்தி, நான் கொண்டுவந்த பைபர் துண்டுகளால் சுவர்கள் செய்து, செத்துப்போன போன்களின் உட்பலகைகளை நிலமாகப் பதித்தோம். தண்ணீர் வற்றிப்போன ஒரு கிரகம். நடுவில் விழுந்து நொறுங்கிய விண்கலம். அதற்குள் இருக்கிற கடைசித் தண்ணீர் இயந்திரத்தை யார் கைப்பற்றுவது என்பதுதான் சண்டை. ஆளுக்கு ஆறு உருவங்கள். இரண்டு பேர் விளையாட, மூன்றாமவன் மத்தியஸ்தன். ஒருவன் தன் ஆள் ஒன்றை அளவு நாடா வைத்து நகர்த்துவான், அல்லது சுடுவான். பிறகு மற்றவனின் முறை. சுடுவதென்றால் அந்த உருவத்தின் கண்ணுக்கு எதிரி தெரியவேண்டும். அதைப் பார்ப்பதற்காக நாங்கள் முழங்காலில் இருந்து, நாடியை மேசை விளிம்பில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சின்ன ஆளின் முதுகுக்குப் பின்னால் இருந்து உலகத்தைப் பார்ப்போம். நாற்பது கடந்த மூன்று ஆண்கள். போன் திருத்த வந்தவர்கள் திரைச்சீலை விலகுகிற நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, பெடியள் எல்லாம் நல்லா விளையாடுதுகள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஓட்டோக்காரன் உள்ளே இருந்தபடியே, வாங்கோ அண்ணை, உங்களுக்கும் ஒரு ஆள் மிச்சம் கிடக்கு என்பான்.

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கினால் மஃரிப் பாங்கு கேட்கும் வரைக்கும் விளையாடுவோம். கடைக்காரன் தொழுகைக்கு எழும்புவான். நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போவோம்.

எனக்கு மற்றவர்களை விடப் பயம் கூட. இதை மறைத்து எழுத முடியாது. நான் ஒட்டிய படகு கடலுக்குப் போனால் அது திரும்பி வரும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. வீட்டை விட்டு வெளிக்கிட்டால் காஸ் அடுப்பைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன். இருமினால் நெஞ்சுச் சளி, தலையிடித்தால் மூளையில் கட்டி. என் வீட்டிலும் சரி, இவர்கள் இரண்டு பேரும் சரி, நான் ஏதும் சொல்லத் தொடங்கினாலே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இந்தப் பயம் மேசையிலும் இருந்தது. எதிரியின் ஆள் ஒருவன் என் ஆள் பதுங்கியிருக்கிற சுவரை நோக்கி நடந்து வந்தால், சுடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன். டேய், அந்தப் பக்கம் போகாதே, அங்கே ஒருவன் நிற்கிறான். ஒருவன் ஒன்றும் தெரியாமல் வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, அவன் பிளாஸ்டிக்காக இருந்தாலும். மத்தியஸ்தனாக நிற்கிற நாட்களில் இரண்டு பக்கத்துக்கும் சொல்லுவேன். ஆட்டத்தில் ஒரு சுவை இல்லாமல் போனது. கடைசியில் ஓட்டோக்காரன் கொப்பியை எடுத்து, பின் அட்டையின் உட்பக்கத்தில் தன் கையெழுத்தில் ஒரு விதி எழுதினான். மற்றவனுக்கு வரப்போகிற ஆபத்தை வாயால் சொல்கிறவனுக்கு அந்தச் சுற்று இல்லை. எழுதிவிட்டு என்னைப் பார்த்து, இது உனக்காகவே போட்ட சட்டம் மச்சான் என்றான். நாங்கள் அதை வாய்ச்சட்டம் என்று சொல்லுவோம். எத்தனையோ விதிகளை அந்தக் கொப்பியில் வெட்டித் திருத்தினோம். அதை மட்டும் அவன் விடவே இல்லை. இரண்டு சுற்றுப் பறிபோன பிறகு நானும் வாயை மூடப் பழகினேன்.

அவன் அருமையான விளையாட்டுக்காரன். பிள்ளைகளை ஏற்றுகிற ஓட்டோவை ஓடுகிற மாதிரியே அவசரமில்லாமல் விளையாடுவான். எத்தனையோ ஞாயிறு நான் அவனிடம் தோற்றேன். ஒரு தரமும் வென்றதில்லை.

அந்த வருசம் மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், என் ஆள் ஒருவன் அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் மேசையின் இடது ஓரத்தில் வெளியாக நின்றான். மறைவு ஒன்றும் இல்லை. ஈயக் குண்டுத் தலை வைத்த பெரிய ஆள். ஓட்டோக்காரன் தன் ஆறு பேரில் தலைவனாக இருந்த உருவத்தை அந்த ஆளுக்கு முன்னாலேயே நடத்திக்கொண்டு போனான். இது ஏதோ பொறி என்று நினைத்தேன். தாயக்கட்டையை உருட்டினேன். தலைவன் விழுந்தான். ஓட்டோக்காரன் தலையைத் திருப்பி அந்த மூலையைப் பார்த்து, இவன் எப்ப வந்தவன் என்று கேட்டான். கடைக்காரன் அன்றைக்கு மத்தியஸ்தன். அந்த ஆள் மூன்று சுற்றாக அங்கேதானே நிற்கிறான், உனக்கு என்ன நித்திரையா என்று கேட்டான். விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறவனுக்கு நித்திரை வராதா என்று சொல்லி ஓட்டோக்காரன் சிரித்தான்.

அன்றைக்கு நான் வென்றேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த ஒரு ஆட்டத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப விளையாடிக்கொண்டு போனேன்.

அடுத்த கிழமையும் அதே மாதிரி நடந்தது. அதற்கடுத்த கிழமை வேண்டுமென்றே இரண்டு பேரை அவனுடைய இடது ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். சுவர் இல்லை, கல் இல்லை, வெறும் மணல். அவன் அவர்களைத் தேடவே இல்லை. வலது பக்கத்தில் ஒரு கல்லுக்குப் பின்னால் காலை மட்டும் நீட்டிக்கொண்டு படுத்திருந்தவனைக் கண்டுபிடித்துச் சுட்டான். இடது பக்கத்தில் நின்றவர்கள் அவனுக்கு இல்லை.

அப்போதே எனக்கு ஏதோ விளங்கியது. விளங்கியது என்று இப்போது எழுதுவது லேசு. அன்றைக்கு அதற்கு ஒரு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. பிறகு மற்றவற்றையும் கவனித்தேன். இடது கைப்பக்கம் வைக்கிற தேத்தண்ணிக் கோப்பையை அவன் இரண்டு தரம் தட்டிக் கொட்டினான். அறைக்குள் வருகிறபோது இடது தோள் கதவு நிலையில் முட்டும். கடைக்காரன் கதவை ஏசினான், சின்னக் கதவு என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறுகளில் என் ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தால்தான் வந்தார்கள்.

ஏழெட்டு ஆட்டம் தொடர்ந்து வென்றேன். என்னுடைய வாழ்க்கையில் நான் எதிலும் தொடர்ந்து வென்றது கிடையாது. வேலை செய்கிற இடத்தில் படகில் பூசின றெசின் பசை காய்கிற வரைக்கும் காத்திருக்கிற நேரத்தில், மணலில் குச்சியால் கோடு கீறி அடுத்த ஞாயிற்றுக்கான திட்டம் போடுவேன். திட்டம் என்றால் என்ன, அவனுக்குத் தெரியாத பக்கம் எவ்வளவு தூரத்துக்கு இருக்கிறது என்று அளந்து பார்ப்பதுதான். முதலில் ஒரு சாண். மாரி நடுவில் இரண்டு சாண். அது அகலித்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது.

மாரி முடிகிற நேரம் எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் ஒரு கண் பரிசோதனை நடந்தது. நான் போனேன். அவனுக்காக அல்ல, எனக்காக. அவனுடைய கண்ணைப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கும் ஏதோ நடக்கிறது என்று பயம் பிடித்திருந்தது. வீட்டில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கலண்டரைப் பார்ப்பதும், மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பதுமாக இருந்தேன். டொக்டர் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒன்றும் இல்லை, போங்கோ என்றார். வெளியே வருகிற வழியில் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரே தெரு, இரண்டு படம். ஒன்றில் தெரு முழுக்கத் தெரிகிறது. மற்றதில் ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் மட்டும் குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி ஒரு துண்டுத் தெரு. கீழே எழுத்துக்கூட்டி வாசித்தேன். கண்ணுக்குள் பிறஷர் கூடினால் இப்படி வரும், நோவு இருக்காது, போன பார்வை திரும்பி வராது, வேளைக்கு வந்தால் இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்று இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். பஸ் நிலையம் எவ்வளவு தூரம், ஐந்து நிமிசம். என்னென்ன சொல்லலாம் என்று நினைத்துப் பார்த்தேன். உனக்குக் கண்ணில் வருத்தம் இருக்கிறது என்றால் அவன் சிரிப்பான். போன மாசம் எனக்கு நெஞ்சில் வருத்தம் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். இல்லை, மெய்யாகத்தான் என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். அதற்கு நான் மேசையைச் சொல்லவேண்டும். எல்லா ஞாயிறையும் சொல்லவேண்டும். இந்த இரண்டு பயத்தில் எது பெரிது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சிரிப்பான் என்ற பயம்தான் என்று கொஞ்சக் காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊரில் எல்லாருக்கும் ஒவ்வொரு ஆபத்தாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஒரேயொரு தரம் மெய்யான ஆபத்தைக் கண்டபோது வாயைத் திறக்கவில்லை. ஐந்து கிழமை போனது. அந்த ஐந்து கிழமையில் ஒவ்வொரு காலையும் அவன் பிள்ளைகளை ஏற்றினான். எனக்கு அது நினைவில் வராமல் இல்லை. ஏழு மணிக்கு வேலைக்குப் போகிற வழியில் அவனுடைய ஓட்டோ எதிரே வந்தால் கையைக் காட்டுவேன். அவன் ஹோன் அடிப்பான். பின்னால் வெள்ளை உடுப்பும் ரிபனுமாகப் பிள்ளைகள் இருக்கும். அவை போய் இறங்கியிருக்கும் என்று நான் கணக்கிடுகிற நேரம் வரைக்கும் என் கை வேலையில் ஓடாது. ஆனால் பின்னேரம் ஆனால் ஒன்றும் நடக்கவில்லைத்தானே என்று இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மன்னாரில் கழுதைகள் தெருவில் நிற்பது யாருக்கும் புதினம் இல்லை. இடது பக்கத்து ஓரத்தில் ஒரு கழுதை நின்றிருக்கிறது. பாய்ந்து வரவில்லை, குறுக்கே ஓடவில்லை, நின்றிருக்கிறது. ஓட்டோக்காரன் நேராகப் போய் இடித்துவிட்டான். ஓட்டோ சரிந்து மதிலில் சாய்ந்தது. உள்ளே மூன்று பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு உதடு கிழிந்து வெள்ளைச் சட்டை முழுக்க இரத்தம். மற்ற இரண்டுக்கும் சிராய்ப்புத்தான். கழுதைக்கு முன்னங்கால் முறிந்து, அது எழும்பப் பார்த்து எழும்பப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிள்ளையின் தகப்பன் வந்து, நீ குடிச்சிருக்கிறியா என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டிருக்கிறார். அவன் வாயில் ஒரு நாளும் குடி வைக்காதவன். நான் காணேல்லை, நான் காணேல்லை என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றானாம்.

நான் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உதடு தைத்த பிள்ளை தாயின் மடியில் இருந்து அழுதது. அவன் சுவரோடு இருந்த மர வாங்கில் இருந்தான். அவனுடைய மனைவி நண்டு பதனிடுகிற இடத்தில் வேலை செய்கிறவள். வேலை உடுப்போடேயே வந்திருந்தாள். என்னைக் கண்டதும், ஓட்டோவைக் கவனமில்லாம ஓடிப்போட்டார் அண்ணா, நான் நல்லா ஏசிப்போட்டன் என்றாள். அவருக்குக் கண்ணைப் பாக்கச் சொல்லுங்கோ என்று நான் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அது என்னுடைய வழக்கமான பயம் என்று அவள் நினைத்திருப்பாள். ஆனாலும் பார்த்தார்கள். பார்த்தவர் உடனே யாழ்ப்பாணத்துக் கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்.

யாழ்ப்பாணத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மனைவிக்கு லீவு இல்லை. கடைக்காரன் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்றான். வேண்டாம், நான் போறன் என்று சொன்னேன். அங்கே ஒரு இருட்டு அறையில் ஒரு கோப்பை மாதிரியான இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து இருக்கச் சொன்னார்கள். உள்ளே சின்னச் சின்ன வெளிச்சம் வரும், ஒவ்வொன்றையும் காணுகிறபோது கையில் இருக்கிற பொத்தானை அமத்தவேண்டும். நான் கதவடியில் நின்று அந்தச் சத்தத்தை எண்ணினேன். வலது கண்ணுக்கு டிக் டிக் என்று கேட்டது, இடையிடையே நிற்கும், பிறகு கேட்கும். இடது கண்ணுக்கு மாற்றிவிட்டபோது அறை பேசாமல் இருந்தது. இயந்திரம் வேலை செய்யவில்லை என்று அவன் நினைத்து, தொடங்கீட்டுதோ என்று தாதியைக் கேட்டான். தொடங்கி நெடுநேரம் ஐயா என்று அந்தப் பிள்ளை சொல்லியது.

டொக்டர் ஒரு கடதாசியைக் காட்டினார். இடது கண்ணுக்குரியது கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு. வலது கண்ணுக்குரியதில் மூக்குப் பக்க ஓரத்தில் கறுப்புத் தொடங்கியிருந்தது. ஓட்டோ ஓடக்கூடாது என்றார். காலையும் பின்னேரமும் சொட்டு மருந்து, ஒரு நாளும் தவறக்கூடாது, இருக்கிறதைப் பிடித்து வைத்திருக்கலாம் என்றார். போனது திரும்பி வருமா என்று அவன் கேட்டான். அதற்கு அவர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். ஆறு மாசத்துக்கு முன்னால் வந்திருந்தால் இடது கண்ணிலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லச் சொன்ன சொல் அல்ல அது. நான் அந்தக் கடதாசியைப் பார்த்துக்கொண்டு ஞாயிறுகளை எண்ணினேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவன் யன்னல் ஓரத்தில் இருந்தான். பூநகரிப் பாதை. இரண்டு பக்கமும் தண்ணீர். நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பாலம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்கு முந்தியே தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"உனக்கு இடப்பக்கம் தெரியேல்லை எண்டு. மேசையில பாத்தனான்."

அவன் முழுதாக என் பக்கம் திரும்பினான். நான் அவனுக்கு இடது பக்கத்தில் இருந்தேன். என்னைப் பார்ப்பதற்கு அவன் அவ்வளவு திரும்பவேண்டியிருந்தது.

"எப்ப இருந்து?"

"மாரிக்கு முந்தி."

அவன் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தான். பிறகு கேட்டான், "அப்ப நீ வெண்ட ஆட்டமெல்லாம்?"

"ஓம்."

"நான் நீ பழகீட்டாய் எண்டெல்லோ நினைச்சன்" என்றான். "வீட்ட போய் அவளிட்டச் சொன்னனான். அவன் இப்ப நல்லா விளையாடுறான், பயமில்லாம விளையாடுறான் எண்டு."

எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸுக்குள் ஆட்கள் இருந்தார்கள். அவன் யன்னல் பக்கம் திரும்பிவிட்டான். நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்று அவன் சொல்லுவான் என்று நான் எதிர்பார்த்தேன். உண்மையில் அதுதான் நடந்திருக்கவும் கூடும். அவன் அப்படிச் சொல்லவில்லை. வெள்ளாங்குளம் தாண்டிய பிறகு, வெளியே பார்த்தபடியே ஒன்று சொன்னான்.

"பின்னுக்குப் பிள்ளையள் இருந்ததுகள்."

அவ்வளவுதான்.

ஓட்டோவை அவனுடைய மச்சான்காரன் எடுத்து ஓடத் தொடங்கினான். இவன் வீட்டில் இருந்தான். இரண்டு மாசம் கழித்துக் கடைக்காரன் வற்புறுத்தி ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு வந்தான். கடைக்காரனுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவன் என்னை ஏசவில்லை. நானும்தானே அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றேன், நித்திரையா என்று கேட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் திருகாணிகளைத் தேடினான்.

அன்றைக்கு நானும் ஓட்டோக்காரனும்தான் விளையாடினோம். அவன் தலையை இடது வலது என்று மெதுவாகத் திருப்பி மேசையைக் கூட்டுகிற மாதிரிப் பார்த்தான். அவன் பார்த்து முடிகிற வரைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. சொல்லத் தொடங்கினேன். இடப்பக்கம் இரண்டு பேர் நிக்கிறாங்கள். சுவருக்கு இங்கால ஒருத்தன். உன்ர தலைவன் அதில நிண்டால் அவனுக்குத் தெரியும், பின்னுக்கு எடு. என் ஆட்களை எல்லாம் நானே காட்டிக்கொடுத்தேன். நிறுத்த முடியவில்லை. கடைக்காரன் கொப்பியைப் பார்க்கவும் இல்லை, விதியைச் சொல்லவும் இல்லை. ஓட்டோக்காரன் தன் ஆளைக் கையில் எடுத்து ஒரு தரம் திருப்பிப் பார்த்தான். பிறகு அந்த ஆளை மேசையில் படுக்க வைத்தான்.

"எல்லாத்தையும் நீயே சொன்னா, பிறகு நான் என்னத்துக்கு மச்சான்?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. எழும்பி, கதவு நிலையைக் கையால் தடவிப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். பிறகு வரவில்லை. மேசை இன்னும் அப்படியே இருக்கிறது. கடைக்காரன் அதற்கு மேல் பழைய போன் பெட்டிகளை அடுக்கியிருக்கிறான். இரண்டு பேராக விளையாட எங்களுக்கு மனம் வரவில்லை.

காலை மருந்தை அவனுடைய மனைவி வேலைக்குப் போகுமுன் விட்டுவிடுவாள். பின்னேர மருந்து ஆறு மணிக்கு. அவள் வர ஏழு ஆகும். அவன் தானே விட்டால் துளி கன்னத்தில் வழியும். அதனால் நான் போகிறேன். முதல் நாள் நான் கேட்காமல் போய் நின்றேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கதிரையில் சாய்ந்து தலையை அண்ணாந்தான். இமையை இழுத்துப் பிடித்து ஒரு கண்ணுக்கு ஒரு துளி. பிறகு மூக்கோரத்தை விரலால் அமத்திப் பிடித்தபடி இரண்டு நிமிசம் கண்ணை மூடியிருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிசமும் நான் அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவன் என்னை மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டால் அவன் ஓம் என்று சொல்லக்கூடும். அதை நான் நம்பமாட்டேன்.

கிளினிக்கில் தாதி ஒரு சோதனை சொல்லித் தந்திருந்தது. மருந்து விட்ட பிறகு, அவன் என் மூக்கை நேராகப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவனுடைய வலது பக்கத்து ஓரத்தில் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்கவேண்டும். கிழமைக்கு ஒரு தரம் போதும் என்றுதான் அந்தப் பிள்ளை சொன்னது. நான் ஒவ்வொரு நாளும் கேட்டேன். அவன் ஒவ்வொரு நாளும் சரியாகச் சொன்னான். அந்தச் சரியான விடையோடு நான் வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளுவேன்.

போன வெள்ளிக்கிழமை மருந்துப் போத்தலின் மூடி கையிலிருந்து நழுவிவிட்டது. குனிந்து தேடி எடுத்து, நிமிர்ந்து, எத்தனை என்று வழக்கம்போலக் கேட்டேன். என் இரண்டு கையும் மூடியைப் பூட்டிக்கொண்டு நெஞ்சுக்கு முன்னால் இருந்தன.

"ரெண்டு" என்றான்.

அவன் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒவ்வொரு நாளும் இரண்டு விரலைத்தான் காட்டியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது; எத்தனை நாளாக இப்படி ஊகித்துச் சொல்கிறான் என்று மனம் கணக்குப் போட்டது. சரி என்று சொல்லிவிட்டுப் போத்தலை அலுமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். அவனும் அதைத்தான் விரும்பியிருப்பான்.

"நான் இன்னும் கையைத் தூக்கேல்லை" என்றேன்.

அவன் கண்ணை மூடினான். வெளியே யாரோ சைக்கிளில் போகிற சத்தம் கேட்டது. பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டான், "கிளினிக் எப்ப?"

"வாற மாசம் நடுவில."

"அவ்வளவு நாள் நிக்கேலாது" என்றான். "திங்கள் விடியப் போவம். பஸ் எத்தினை மணிக்கு எண்டு கேட்டுவை."